குழாய்க்குள் நீல வெளிச்சம்

கடல் தண்ணீர் எடுக்க நல்லவாடு கடற்கரையில் தை, மாசிதான் நல்ல காலம், ஐயா. மழைக்காலத்துச் சேறு அடங்கி, கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனாலே தண்ணீர் தெளிவாக இருக்கும். ஐப்பசியில் எடுத்தால் ஆற்று அழுக்கு அத்தனையும் கேனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் கடல் மீனும் பவளமும் வளர்க்கத் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் புத்தி இதுதான். உங்களுக்கும் அப்படி ஒரு எண்ணம் இருந்தால் தை வரைக்கும் பொறுங்கள்.

நீங்கள் கேட்டு, நான் சொல்லி, ஸ்டேஷன் ரைட்டர் எழுதி, கடைசியில் நான் கையெழுத்துப் போடுவது என்றால் நடுவில் ஏதாவது மாறிப்போகும். அதனால்தான் தாள் கேட்டு வாங்கினேன். இருபத்தாறு வருஷம் வாரண்டி கார்டு எழுதிய கை இது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதித் தருகிறேன்.

என் பெயர் மணவாளன், வயது ஐம்பத்தொன்று. வில்லியனூரில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறேன். இங்கிருந்து பாகூர் வரைக்கும் கரும்புக் கொல்லைகளில் ஓடுகிற மோட்டாரில் பாதி என் கடையில் வாங்கியது. செத்துப்போனவள் என் மனைவி வினோதினி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருபது வருஷ வாழ்க்கையில் நான் அவள் மேல் கை ஓங்கியது கிடையாது. அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

நாலு வருஷத்துக்கு முன் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாயிற்று. வாரம் மூன்று நாள் மெஷினில் படுத்து ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவாள். அவள் தம்பி ராஜ்மோகன், பாகூரில் கரும்பு போடுகிறவன், "நான் குடுக்கிறேன்" என்று முதலில் வந்தான். அவன் பெண்டாட்டி அழுது புரண்டாள். பிறகு சர்க்கரை இருக்கிறது என்று அவனே பின்வாங்கினான். அன்று எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொடுக்கிற இடம் காலியாக இருந்தது.

நான் கொடுத்தேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று எங்கள் தெருமுனையில் வியாபாரிகள் சேர்ந்து ஒரு ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு அடிக்கு எட்டு அடி. 'தாலி கட்டியவளுக்குத் தன் உடலைப் பகிர்ந்தளித்த செம்மலே' என்று மேலே எழுதி, கீழே நான் கைகூப்பி நிற்கிற படம். நம் பக்கத்தில் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னுடையதை வண்டியை நிறுத்திப் படித்தார்கள். வினோதினி ஆட்டோவுக்குள்ளிருந்தே அதைப் பார்த்துக் கும்பிட்டாள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்த அந்தக் காலத்தில்தான் தொட்டி ஆசை வந்தது. புதுச்சேரியில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கும் பிரேம், என் கடையில் பம்பு வாங்க வருகிற பையன், நாலடித் தொட்டி ஒன்றை வைத்துக் கொடுத்தான். கடல் தண்ணீர், பாறை, பவளம், ஐந்தாறு மீன். பவளம் என்பது கல் இல்லை, ஐயா, உயிர். உப்புக் கொஞ்சம் ஏறினால் சுருங்கும், சூடு கொஞ்சம் ஏறினால் வெளுக்கும். பார்த்துப் பார்த்துச் செய்தால் மெல்ல விரியும். செய்த நன்றியை மறக்காத ஜீவன்.

அடுத்த முறை வினோதினியைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது, அவளை வழக்கமாகப் பார்க்கும் பெரிய டாக்டர் இதைக் கேட்டுத் திடுக்கிட்டார். வேறொருவர் உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவள் தினமும் மாத்திரை சாப்பிட்டாள். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும். நமக்கு ஒன்றும் செய்யாத கிருமி அவளைச் சாய்த்துவிடும். தொட்டியை எடுத்துவிடுங்கள் என்றார்.

அவள்தான் தடுத்தாள். "வேணாம் டாக்டர், இருந்துட்டுப் போவட்டும். அவரு எனக்குக் கிட்னியே குடுத்துட்டாரு. நான் போயி அந்த மீனத் தூக்கிக் கடாசுங்கன்னு இன்னா வாயால சொல்றது?"

டாக்டர் அரை மனதாக ஒப்புக்கொண்டார். அவள் வெறும் கையைத் தொட்டிக்குள் விடக் கூடாது, கிருமி குறைய யு.வி. விளக்கு போட வேண்டும் என்று இரண்டு நிபந்தனை வைத்தார்.

அந்த யு.வி. பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். முழங்கை நீளத்தில் ஒரு கறுப்புக் குழாய். உள்ளே கண்ணாடி உறைக்குள் விளக்கு. தொட்டித் தண்ணீரை ஒரு சின்ன பம்பு அதன் வழியாக மெதுவாக ஓட்டும். ஓடுகிற தண்ணீரில் மிதக்கும் கிருமியும் பாசியும் அந்த வெளிச்சம் பட்டுச் செத்துப்போகும். வேகமாக ஓட்டினால் பலன் இல்லை. பாறையில் ஒட்டிக்கொண்டதையும் மீன் உடம்பில் ஏறிவிட்டதையும் அது ஒன்றும் செய்யாது. வெறும் விளக்கை நேராகப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்பதால் குழாயின் நுனியில் பொத்தான் அளவுக்கு ஒரு சின்ன ஜன்னல் வைத்திருப்பார்கள். அதில் நீலமாகத் தெரிந்தால் விளக்கு எரிகிறது. பிரேம் மாட்டிவிட்டுப் போகும்போது இன்னொன்றும் சொன்னான். "வருசத்துக்கு ஒரு தபா பல்ப மாத்திடுங்க சார். அதுக்கப்புறமும் நீலமா எரியும், ஆனா கிருமியைக் கொல்லாது. எரியிறதப் பாத்து ஏமாந்துடாதீங்க."

நான் ஏமாறவில்லை.

வினோதினிக்கு அந்த ஜன்னல் ஒரு பழக்கமாகிவிட்டது. காலையில் சாமி மாடத்தில் விளக்கேற்றிவிட்டு நேராக வந்து குனிந்து அதைப் பார்ப்பாள். "எரியுதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். மறந்தும் ஒரு நாள் விட்டதில்லை.

முதல் வருஷம் நன்றாக ஓடியது. வீட்டுக்கு யார் வந்தாலும் நான் கதையைச் சொல்வேன். நடுவில் நிறுத்தினால் அவள் எடுத்துச் சொல்வாள். பெண்கள் வந்திருந்தால் உள்ளே அழைத்துப்போய்த் தழும்பைக் காட்டச் சொல்வேன். கண் கலங்கி வெளியே வருவார்கள். எனக்கு அவர்கள் புகழ்ச்சி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நல்ல காரியம் நாலு பேருக்குத் தெரிந்தால் இன்னும் நாலு பேர் செய்வார்கள் என்ற எண்ணம்தான்.

இரண்டாம் வருஷம் அவள் தேறினாள். முகம் தெளிந்து, கன்னம் பூரித்து, பத்து வயது குறைந்த மாதிரி ஆனாள். ஸ்கூட்டர் ஓட்டப் பழகினாள். ரவிக்கை தைக்க ஆரம்பித்து, வாசல் அறை முழுக்கப் பெண்கள் கூட்டம். தெருவில் போனால் எல்லாரும் "வினோதினி எப்பிடி இருக்குது?" என்று என்னைக் கேட்டார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் அதற்கும் ஆபரேஷனுக்கும் சம்பந்தம் இல்லை, எடை கூடிவிட்டது என்றார். சொல்வது அவருக்குச் சுலபம்.

இந்த வருஷம் ஆனியில் பவளம் சுருங்கியது. பச்சை நிறத்தில் கைவிரல் போல அசைந்துகொண்டிருக்குமே, அது வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டது. யு.வி. தண்ணீரை அளவுக்கு மீறிச் சுத்தமாக்கிவிட்டது, பவளம் தின்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களையும் சேர்த்துக் கொல்கிறது என்று நான் முடிவு செய்தேன். பிரேம் வந்து பார்த்துவிட்டு, "யு.வி.க்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல சார், மேல லைட்டு ஜாஸ்தி" என்று மேல்விளக்கைக் குறைத்து வைத்தான். சின்னப் பையன், அனுபவம் போதாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் குழாயைத் திறந்து யு.வி. விளக்கைக் கழற்றினேன். தேர்த் திருவிழாவுக்குக் கடை வாசலில் கட்டிய சீரியல் லைட்டு மூட்டையாக மாடியில் கிடந்தது. அதில் ஒரு நீல பல்பை வெட்டி எடுத்து, ஈரம் படாமல் கண்ணாடி உறைக்குள் ஜன்னல் பக்கமாக வைத்து மூடினேன். மோட்டார்க்காரனுக்கு இது அரை மணி நேர வேலை. ஒரு வாரத்தில் பவளம் விரிந்தது. வினோதினி வழக்கம்போலக் காலையில் குனிந்து பார்த்து, "எரியுதுங்க" என்றாள்.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். சொன்னால் பயப்படுவாள். பயந்தவளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியுமா?

தேதியை ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள் என்று தெரியும். அதனால் நானே எழுதிவிடுகிறேன். அதற்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, செல்லிப்பட்டில் ஒரு போர்வெல் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் ராமாயியின் வீடு அந்த வழியில்தான். அவள் ஆட்டுக்கொட்டகைக்குப் புதிதாகக் கூரை போட்டிருந்தாள். வண்டியை நிறுத்திப் பார்த்தேன். கூரைமேல் நான் கைகூப்பிக்கொண்டு படுத்திருந்தேன். நெற்றியில் காக்கை எச்சம். 'செம்மலே' என்ற எழுத்துப் பக்கம் மடங்கி உள்ளே தொங்கியது. அதை ஒரு கிடா மென்றுகொண்டிருந்தது.

ராமாயி வெளியே வந்து சிரித்தாள். "மழ ஒழுவுதுன்னு அம்மாகிட்ட சொன்னங்க, பரண்ல இருந்து எடுத்துக் குடுத்தாங்க. நல்ல கெட்டிங்க, ரெண்டு மழக்கித் தாங்கும்."

வீட்டுக்கு வந்து நான் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டேன். வினோதினி தையல் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"சாயம் போயி பரண்ல கெடந்துது. எலி வேற கடிச்சிக்கினு இருந்துது. அதான் குடுத்தேன். இதுல இன்னாங்க தப்பு?"

"அதுல இன்னா எழுதியிருந்துதுன்னு தெரியும் இல்ல?"

"தெரியும். ரெண்டு வருசமா வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் நானே ஒப்பிச்சிக்கினுதான இருக்கிறேன்." கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள். "போதுங்க. நீங்க குடுத்தீங்க, நான் கும்பிட்டு வாங்கிக்கினேன். சாவுற வரிக்கும் மறக்க மாட்டேன். ஆனா இப்ப அது என்னுது. அத நெனச்சி நெனச்சி மூச்சு முட்டுது எனக்கு. என்ன கொஞ்சம் வாழ வுடுங்க."

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று வாங்கினவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கொடுத்தவனுக்கு ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. நான் "சரி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அவள் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள், நன்றாக இருந்தது. இந்தப் பேச்சுக்கும் ஞாயிற்றுக்கிழமை விளக்கைக் கழற்றியதற்கும் சம்பந்தம் இல்லை. அது பவளத்துக்காகச் செய்தது.

ஆடியில் எனக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் வலி வந்தது. வலி இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்கலாம். தொட்டியைக் குனிந்து துடைக்க முடியவில்லை என்றேன். அவள் உடனே, "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள் மாட்டுவார்களே, தோள் வரைக்கும் வரும் ரப்பர் கையுறை, அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டுவாள். ஒவ்வொரு முறையும் முதலில் ஜன்னலைப் பார்த்துக்கொள்வாள். இரண்டு வாரம் கழித்து, காயப் போட்டிருந்த வலது கையுறையில் கட்டைவிரல் பக்கம் சின்னக் கிழிசல் இருப்பதைப் பார்த்தேன். பாறை கிழித்திருக்கும், அது கத்தி மாதிரி கூர்மை. நான் அதைக் கிழிக்கவில்லை. பார்த்தேன், திரும்ப அதே கொடியில் போட்டேன். அவ்வளவுதான்.

ஆவணியில் மஞ்சள் மீன் ஒன்றின் உடம்பில் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. யு.வி. ஓடியிருந்தால் அந்த நோய் இவ்வளவு பெருகியிருக்காது. மூன்றாம் நாள் மீன் செத்துப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது. அன்று காலை வினோதினி சுரைக்காய் நறுக்கும்போது வலது கட்டைவிரலில் வெட்டிக்கொண்டாள். ஆழமில்லை. மஞ்சள் வைத்துத் துணி சுற்றியிருந்தாள். வலது கை என்றால் நம்ப மாட்டீர்கள், அவள் இடது கைக்காரி, கத்தி பிடிப்பது இடது கையில்தான்.

நான் சொன்னேன். "மீனு செத்துக் கெடக்குது. இன்னிக்கே எடுக்கலன்னா தண்ணி கெட்டுப்பூடும்."

"கையில வெட்டு கீதேங்க."

"கையுறைதான் போட்டுக்கறியே."

கையுறையை எடுத்தாள். அப்போதும் ஒரு முறை கேட்டாள். "லைட்டு எரியுதா?"

நான் குனிந்து ஜன்னலைப் பார்த்தேன். "எரியுது" என்றேன். அது பொய் இல்லை. எரிந்தது.

தோள் வரைக்கும் இரண்டு கையையும் விட்டுத் துழாவி எடுத்தாள். மீன் பாதி அழுகியிருந்தது. கையுறையைக் கழற்றியபோது சுற்றியிருந்த துணி நனைந்திருந்தது. "உள்ள தண்ணி பூந்துட்டுதுங்க" என்றாள். பிறகு அவளே, "பரவால்ல, யு.வி. ஓடுற தண்ணிதான" என்று சொல்லிக்கொண்டு சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மறுநாள் கை வீங்கியது. சாயங்காலத்துக்குள் முழங்கை வரைக்கும் கறுத்துச் சிவந்தது, காய்ச்சல் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனேன். தாமதம் செய்யவில்லை, அதை ஆஸ்பத்திரிச் சீட்டில் பார்க்கலாம். வழியில் என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "ஏங்க, தொட்டியால இருக்குமோ?"

"யு.வி. ஓடுதே, எப்பிடி வரும்?"

"ஆமா இல்ல" என்று கண்ணை மூடிக்கொண்டாள். என்னை அவள் நம்பினாள் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

வழக்கமான டாக்டர் அன்று ஊரில் இல்லை. டியூட்டியில் இருந்த இளம் டாக்டரம்மா பொறுமையாக விசாரித்தது. கடலுக்குப் போனார்களா, வீட்டில் மீன் கழுவினார்களா, மீன் தொட்டி ஏதாவது இருக்கிறதா என்று என்னிடம் தனியாகக் கேட்டது. கடல் தண்ணீர்க் கிருமி என்றால் மருந்து வேறு, உடனே சொன்னால் உடனே மாற்றுவோம் என்றும் சொன்னது. வினோதினி அப்போது பேசும் நிலையில் இல்லை.

இல்லை என்றேன்.

இரண்டாம் நாள் ராத்திரி நிலைமை மோசமாயிற்று. மூன்றாம் நாள் காலை டாக்டரம்மா வெளியே வந்து, ஒவ்வொரு உறுப்பாக நின்றுகொண்டு வருகிறது என்றது. ராஜ்மோகன் என் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தான். நான், "என் கிட்னி எப்பிடி இருக்குது?" என்று கேட்டேன். டாக்டரம்மா புரியாமல் பார்த்தது. ராஜ்மோகன் அழுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அதில் அப்படி என்ன இருந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நியாயமான கேள்விதான். பத்தரை மணிக்கு அவள் உயிர் போயிற்று. சங்கராபரணி ஆற்றோரம் எரித்தோம். அதற்குப் பிறகுதான் கடல் கிருமி என்று ரிப்போர்ட் வந்தது.

காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு ராஜ்மோகன், பிரேமைக் கூட்டிக்கொண்டு வந்தான். "இன்னா மச்சான்?" என்றேன். அவன் பிரேமுக்குத் தொட்டியைக் காட்டினான். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேம் குழாயைத் திறந்தான். சீரியல் பல்பை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினான். "சார், இது இன்னா சார்?" என்று கேட்டான். ராஜ்மோகன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் தரையில் உட்கார்ந்து, "மாமா, அவ ஒங்கள சாமின்னு சொல்லிக்கினு இருந்தாளே மாமா" என்று மட்டும் சொன்னான். எனக்கு ஆறுதலாக இருந்தது. அவள் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லியிருக்கலாம்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. விளக்கைக் கழற்றியது நான். கையுறை கிழிந்திருப்பது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டது நான். வெட்டுப்பட்ட கையைத் தொட்டிக்குள் விடச் சொன்னது நான். டாக்டரிடம் பொய் சொன்னது நான். அவள் செத்துப்போவாள் என்று தெரிந்தேதான் செய்தேன். இதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் எனக்கு மறுப்பு இல்லை. தொட்டியை மட்டும் பிரேமை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பவளம் பாவம்.

ஒரே ஒரு திருத்தம் இருக்கிறது, ஐயா. காலையில் ரைட்டர் படித்துக் காட்டிய எஃப்.ஐ.ஆரில், பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் வினோதினி பெயர் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே என் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அன்று ஆற்றோரம் எரிந்ததில் என்னுடையதும் ஒன்று இருந்தது. அதைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் துக்கம் விசாரிக்கவில்லை.